மூட்டத்தில் எத்தனை குடம்

துஷாந்திக்குப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த வாரம், அவள் அம்மா சந்திரகாந்தி தேயிலைக் கொழுந்து மலையில் நாலு பேருக்கு நாலு விதமாகப் பதில் சொன்னாள். "என்னா படிப்பு புள்ளைக்கு?" என்று முதலில் கேட்டவளிடம் "தண்ணி படிப்பு" என்றாள். அடுத்தவளிடம், "மல, மரம், காத்து எல்லாம் வருமாம் அதுல." மூன்றாமவள் "டாக்டர் மாதிரியா?" என்று இழுத்தபோது, "ஆமா, மனுசனுக்கு இல்ல, மத்ததுக்கு" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டாள். நாலாவது ஆள் கங்காணி. அவருக்கு மட்டும் மகள் சொல்லிக்கொடுத்திருந்த முழுப் பெயரைச் சொன்னாள். "சுற்றாடல் விஞ்ஞானம்ங்க." அதற்குள் நாக்கு இரண்டு முறை இடறியது.

துஷாந்திக்கே அது என்ன படிப்பு என்று சரியாகத் தெரியாது. விண்ணப்பத்தில் ஏழாவதாகப் போட்ட பாடநெறி அது. வைத்தியத்துக்குப் புள்ளி போதவில்லை, விவசாயத்துக்குக் கொஞ்சம் குறைந்தது, இது கிடைத்தது. ஆனால் பெயரைப் படித்ததும் அவளுக்கு நினைவு வந்தது ஒரே ஒரு காட்சிதான்.

பெரகல சந்தியிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறும் பாதையில் பாதித் தூரத்தில் ஒரு தோட்டத்து ரோட்டு பிரிகிறது. அதில் மூன்று மைல் போனால் அவர்கள் இருக்கும் மேல் டிவிசன். வானம் வெளுத்த நாளில் தெற்கே பார்த்தால் கீழே சமவெளி விரிந்து கிடக்கும். அதற்கும் அப்பால் கடல் ஒரு நூல் அளவுக்குத் தெரிவதாகச் சிலர் சொல்வார்கள். ஆடிக் காற்று தொடங்கினால் அந்தச் சமவெளி இல்லாமல் போய்விடும். கீழிருந்து பனிமூட்டம் மெல்ல ஏறி வரும். தேயிலைக்குள் நுழையும், தொழிலாளர் வீடுகளின் லயத்து வரிசைக்குள் ஒரு வாசலால் வந்து மறு வாசலால் போகும், மலை உச்சியைத் தாண்டியதும் அந்தப் பக்கத்து வெயிலில் கரைந்துவிடும். சின்ன வயதில் துஷாந்தி அது தினமும் பதுளைக்குப் போய்த் தூங்குகிறது என்று நம்பியிருந்தாள். யாரும் அவளைத் திருத்தவில்லை.

பல்கலைக்கழகம் பஸ்ஸில் ஏழு மணித்தியாலத் தூரத்தில், வேர்த்துக் கொட்டும் ஊரில் இருந்தது. முதல் வருடம் முழுவதும் இரசாயனமும் புள்ளிவிபரமும். அதுவும் ஆங்கிலத்தில். அவள் விரிவுரைகளில் பாதியைக் கேட்டாள், மீதியை ஊகித்தாள். பதுளை டவுனிலிருந்து வந்த ஜெனீராவும், குருத்தலாவையிலிருந்து வந்த நிஸாமும் அவளோடு ஒரே வரிசையில் உட்காருவார்கள். மலைப்பக்கத்து ஊவா மாகாணத்துக்காரர்கள் என்று மற்றவர்கள் அந்த வரிசைக்கே 'குளிர்ப் பக்கம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மூவரும் சாப்பாட்டுக்கூடத்தில் உட்கார்ந்து, இந்தப் படிப்பு தங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்று கனவு காண்பார்கள். நிஸாமுக்குத் தென்துருவத்துக்குப் போய்ப் பனிக்கட்டியைத் துளைத்துப் பார்க்க வேண்டும். ஜெனீராவுக்கு வெள்ளைக் கோட்டும், கண்ணாடிக் குடுவைகளும், யாரும் சத்தம் போடாத ஓர் ஆய்வுகூடமும். துஷாந்தி எதையும் சொல்லமாட்டாள்.

"நீ செல்லேன் டீ, ஒனக்கு என்ன ஆசை?" என்று ஜெனீரா ஒருநாள் விடாமல் கேட்டாள். அவள் வீட்டுப் பேச்சில் 'சொல்' என்பது 'செல்' ஆகும், 'இருக்கு' என்பது 'ஈக்கு' ஆகும்.

"தெரியல. எங்கயாவது நின்னு பாத்துக்கிட்டே இருக்கணும். அதுக்குச் சம்பளமும் குடுக்கணும்."

"அந்த வேலைக்கு நானும் அப்ளை பண்றேன்" என்றான் நிஸாம்.

மூன்றாம் வருடத்தில் கலாநிதி சிவரூபி என்ற விரிவுரையாளர் மலைக்காடுகளைப் பற்றிப் பாடம் எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வேகமாகப் பேசுவார். மழையே பெய்யாத நாளிலும் மலைக்காட்டு மரங்களின் கீழே தரை நனைந்திருப்பதற்குக் காரணம், இலைகள் மூட்டத்தைச் சீவி எடுத்துச் சொட்டாக்குவதுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். துஷாந்தி போகவில்லை. தன் வீட்டு வாசலால் வந்து மறு வாசலால் போன அத்தனை தண்ணீரையும் நினைத்துக்கொண்டு அந்த வரியிலேயே நின்றாள். வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்துபோன பிறகுதான் ஜெனீரா வந்து தோளைத் தட்டினாள்.

இறுதி வருட ஆய்வுக்கு அவள் எடுத்த தலைப்பு அதுதான்: மேல் டிவிசனைக் கடந்து போகும் மூட்டத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?

ஜூலை தொடக்கத்தில் ஊருக்குப் போய் வலை கட்டினாள். நாற்றுமேடைக்குப் போடும் பச்சை நிழல் வலை, இரண்டு ஆள் உயரம், நாலு ஆள் கைவிரித்த நீளம். அப்பா தங்கராஜா தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, லயத்துக்கு மேலே காற்று நேராக அடிக்கும் பாறை முகட்டில் இரண்டு இரும்புக் கம்பங்களை நட்டுக் கொடுத்தார். வலையின் அடியில் பாதியாகப் பிளந்த பிளாஸ்டிக் குழாய்; குழாயின் முனையில் குழாய்த்திருகு வைத்த ஒரு நீலப் பரல், பெரிய பிளாஸ்டிக் பீப்பாய். பார்க்க வந்தவர்கள் வொலிபோல் ஆடப்போகிறார்களா என்று கேட்டார்கள். "மீனு பிடிக்கப் போறோம்" என்றார் தங்கராஜா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

தினமும் அளக்க ஆள் வேண்டும். துஷாந்தி திரும்பிப் போயாக வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட சந்திரகாந்தி, "நான் பாக்குறேன், அளக்கிறது என்னா பெரிய வேலயா?" என்றாள். விடிந்ததும், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் பாறைக்கு ஏறி, அளவுகோலான அடிமட்டத்தைப் பரலுக்குள் விட்டு, தண்ணீரின் உயரத்தைக் கொப்பியில் எழுதி, பிறகு பரலைக் காலி செய்ய வேண்டும். இரவில் மூட்டம் எப்படி இருந்தது என்றும் ஒரு சொல் எழுத வேண்டும். மெல்லிசு, நடுத்தரம், அடர்த்தி என்று மகள் சொல்லிக்கொடுத்ததைச் சந்திரகாந்தி பொருட்படுத்தவில்லை. அவளிடம் சொந்த அளவு இருந்தது. 'பக்கத்து மல தெரியல' என்றால் கொஞ்சம். 'ரோட்டு தெரியல' என்றால் அதைவிடக் கூட. 'கோயிலு தெரியல' என்றால் மிக அடர்த்தி.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அம்மா வாசிப்பாள். "செவ்வாக்கெழம பதினொன்னு, ரோட்டு தெரியல. புதன் அஞ்சு, கோயிலு தெரியல." விடுதிக் கட்டிலில் மின்விசிறியின் கீழே கிடந்து துஷாந்தி எழுதுவாள். எழுதும்போது பாறை முகடு தெரியும். வலையின் கண்களில் துளிகள் கோத்து நிற்பதும், ஒன்று பாரமாகி இன்னொன்றைத் தொட்டு இரண்டுமாக வழுக்கி இறங்குவதும் தெரியும். வேர்வையில் நனைந்த அந்த அறைக்குள் ஒரு நொடி குளிரும்.

ஆனால் கணினியில் வரைபடமாகப் போட்டபோது எதுவும் பொருந்தவில்லை. கோயில் தெரியாத இரவுகளில் தண்ணீர் குறைவாகவும், பக்கத்து மலை மட்டும் தெரியாத இரவுகளில் கூடுதலாகவும் இருந்தது. மூட்டம் தலைகீழாக நடந்தது.

சிவரூபி அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "வலை கிழிஞ்சிருக்கும், இல்லாட்டி பரல் ஒழுகுது. போய்ப் பாத்திட்டு வாங்கோ துஷாந்தி. காரணம் பிடிபடேல்லை எண்டா இந்த ஆறு கிழமைத் தரவையும் விடவேண்டித்தான் வரும். பிறகு அடுத்த ஆடிக்குத்தான் காத்து."

அடுத்த ஆடிக்கு அவள் வகுப்பு பட்டம் வாங்கிப் போயிருக்கும். பஸ்ஸில் ஏழு மணித்தியாலமும் அவள் தூங்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று மாலையே பாறைக்கு ஏறிப் பார்த்தாள். வலை கிழியவில்லை. பரலுக்குக் கீழே மண் உலர்ந்திருந்தது. மறுநாள் விடிகாலையில், அம்மா எழும்புவதற்கு முன்பே, சால்வையைச் சுற்றிக்கொண்டு மேலே போனாள். மூட்டம் அப்படி ஒரு மூட்டம். கையை நீட்டினால் விரல் வெளிறியது. பாதையைக் காலால் தேடித்தான் ஏற வேண்டியிருந்தது. பாறைக்குப் பக்கத்தில் போனபோது, வெள்ளைக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சொட்டுச் சத்தம் இல்லை. பாத்திரத்தில் நிறையும் சத்தம்.

மூன்று பெண்கள் பரலைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். மேல் லயத்துக்காரர்கள். ஒருத்தி கோகிலவாணி, பள்ளிக்கூடத்தில் துஷாந்திக்கு இரண்டு வகுப்பு முந்தியவள். குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. துஷாந்தியைப் பார்த்ததும் அவள்தான் முதலில் குழாயை மூடினாள்.

 மூட்டம் அவர்கள் நடுவில் புகுந்து போனது.

"எங்க லயத்து ஊத்துப் பீலியில தண்ணி நின்னு போச்சு புள்ள" என்றாள் கோகிலவாணி. "ஆடி பொறக்குறதுக்கு முன்னயே. கீழ் பீலிக்குப் போனா ஒரு நடைக்கு முக்கா மணி நேரம். பச்சப் புள்ளய வச்சிக்கிட்டு நான் எங்க போறது?"

"தெனமும் எடுக்குறீங்களா?"

"மேல் லயத்துல ஒம்போது வீடு. ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக்கு மொற. மொறக்காரி எடுக்க மத்தவங்க தொணைக்கு வருவோம். மூட்டம் கம்மியா இருந்தா யாரும் தொடமாட்டோம்." பரலுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "முழுசா எடுக்கிறதில்ல. ஒங்க அம்மா அளக்கிறதுக்குன்னு கொஞ்சம் விட்டுட்டுத்தான் எடுப்போம்."

துஷாந்தி பாறையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. ஆறு வாரமாகக் கணினிமுன் உட்கார்ந்து அவள் தேடிக்கொண்டிருந்த தண்ணீர் ஒன்பது வீட்டு அடுப்பில் கொதித்திருந்தது.

"நிறுத்திட்டீங்களே, நிரப்புங்க" என்றாள்.

அம்மா வந்ததும் துஷாந்தி கேட்டாள். "ஒனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

சந்திரகாந்தி அடிமட்டத்தைப் பரலுக்குள் விட்டு, குனிந்து பார்த்து, எண்ணை எழுதிய பிறகுதான் பதில் சொன்னாள். "எவ்வளவு தண்ணி இருக்குன்னு பாக்கச் சொன்ன. இருந்தத எழுதுனேன். யாரு எடுத்தான்னு நீ கேக்கவே இல்லயே."

அன்று பின்னேரம், கொழுந்து நிறுத்து எல்லோரும் திரும்பியதும், துஷாந்தி அளவுச் சிலிண்டரோடு மேல் லயத்துக்குப் போனாள். ஒன்பது வீட்டிலும் தண்ணீர் எடுத்த பாத்திரத்தை வெளியே கொண்டுவரச் சொன்னாள். இரண்டு அலுமினியக் குடம், பெயின்ட் வாளி, எண்ணெய்க் கேன், விளிம்பு நெளிந்த ஒரு பித்தளைக் குடம் என்று வகைவகையாக வந்தன. ஒவ்வொன்றும் எத்தனை லீற்றர் என்று அளந்து எழுதினாள். பிறகு முறையைக் கேட்டாள். எந்த நாள் எந்த வீடு?

ஒரு நாளும் தவறவில்லை அவர்களுக்கு. "ஆடி வெள்ளி மொத வெள்ளிக்கு எங்க மொற. பொங்கல் வக்கிறதுக்கு எடுத்தேன்." "மறுநா ஒன்னும் எடுக்கல, பக்கத்து மல நல்லா தெரிஞ்சிச்சு." "இவ பதுள ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு அவ மொறய நான் எடுத்தேன், அப்புறம் என் மொறய அவளுக்குக் குடுத்தேன்." ஒரு புதன்கிழமையைப் பற்றி மட்டும் இரண்டு பேருக்குள் வாக்குவாதம் வந்தது. அன்று யாருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இன்னொருத்தி நினைவுபடுத்தியதும் அதுவும் தீர்ந்தது.

அம்மாவின் எண்களோடு இவர்களின் குடங்களைக் கூட்டியபோது வரைபடம் நிமிர்ந்தது. கோயில் தெரியாத இரவுகளில்தான் தண்ணீர் அதிகம். மூட்டம் சரியாகத்தான் நடந்திருந்தது. குறைந்த எண்கள் எல்லாம் அடர்ந்த மூட்டத்தில் வந்ததும் அதனால்தான். நிறைந்த நாளில்தானே எடுப்பார்கள்.

துஷாந்தி ஒரு போத்தல் தண்ணீரைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனாள். ஜெனீரா ஆய்வுகூடத்தில் இரண்டு நாள் அதனோடு இருந்துவிட்டு வந்து, "சுத்தமாத்தான் ஈக்கு, ஆனா கொதிக்க வெச்சுத்தான் குடிக்கோணும்னு செல்லு" என்றாள். துஷாந்தி அன்றைக்கே கோகிலவாணிக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

ஆய்வறிக்கையின் அட்டவணையில் 'குடம்' என்று ஒரு நிரல் இருந்தது. வாய்மொழிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அதில் விரலை வைத்தார். மனிதர்களின் நினைவை எப்படி அளவீடாக எடுத்துக்கொள்வது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவளுக்கு ஆங்கிலம் பாதியில் நின்றது. சிவரூபி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துஷாந்தி சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னாள். அது வெறும் நினைவு இல்லை, முறை. தண்ணீர் இல்லாத இடத்தில் முறையை யாரும் மறப்பதில்லை. தான் மறந்தாலும் பக்கத்து வீடு மறக்காது. ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் சரிபார்த்திருக்கிறார்கள்.

அவர் அந்த நிரலை மேலிருந்து கீழ் வரை விரலால் ஓட்டிப் பார்த்தார். பிறகு அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் காட்ட ஒரு பிரதி தனக்கு வேண்டும் என்றார்.

பட்டமளிப்புக்குச் சந்திரகாந்தி மயில் கழுத்து நிறச் சேலையில் வந்தாள். அதற்குப் பிறகுதான் வெற்று மாதங்கள். பேப்பரில் 'சுற்றாடல் விஞ்ஞானப் பட்டதாரிகள் தேவை' என்று யாரும் விளம்பரம் போடுவதில்லை என்பது அப்போதுதான் மூவருக்கும் புரிந்தது. இந்தப் படிப்புக்கான வேலைகள் வேறு பெயர்களில் ஒளிந்திருந்தன. ஜெனீராவுக்குக் கிடைத்தது ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர்ப் பிரிவு. வெள்ளைக் கோட்டு உண்டு, குடுவைகளும் உண்டு, ஆனால் பக்கத்திலேயே இரவும் பகலும் இரையும் இயந்திரங்கள். நிஸாம் கட்டாருக்குப் போனான். கட்டட வேலைத்தளங்களில் தூசியையும் இரைச்சலையும் அளக்கும் வேலை. பனிக்கட்டிக்கு எதிர்த்திசையில் போய்விட்டதாகச் செய்தி அனுப்பினான்.

துஷாந்தி ஒரு வருடம் பண்டாரவளையில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தாள். பிறகு கொழும்பில், புதுத் திட்டங்களுக்குச் சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாள். ஏசி அறையில் உட்கார்ந்து, ஒரே ஒரு நாள் போய்ப் பார்த்த இடங்களின் பறவைகளையும் மரங்களையும் ஓடைகளையும் எழுதினாள். ஜன்னலுக்கு வெளியே கட்டடங்கள். சில பின்னேரங்களில் எழுதிக்கொண்டே இருக்கும்போது அந்த ஓடைகளின் சத்தம் காதுக்குள் வந்துவிடும். தலையைத் தூக்கினால் ஏசி.

ஒருமுறை வந்தது, ஊவாவில் ஓர் ஓடையில் சிறு மின்திட்டம். அறிக்கையின் வரைவில், 'இவ்வோடை நீரைப் பயன்படுத்துவோர் எவருமில்லை' என்று இருந்தது. போன குழு பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்து எழுதியது. துஷாந்தி அந்த வரியைத் தாண்ட முடியாமல் தன் மேலதிகாரி பார்த்தீபனிடம் போனாள்.

"சேர், நான் ஒருக்கா போய்ட்டு வரவா? விடிய அங்க இருக்கணும்."

"நாளையிண்டைக்கு அறிக்கை குடுக்கோணும் தங்கச்சி. பதினொரு மணிக்கு இல்லாத சனம் விடியவோ வரப்போகுது?"

"பதினொரு மணிக்கு எல்லாரும் மலையில நிப்பாங்க சேர். தண்ணிக்கு விடியத்தான் வருவாங்க."

பார்த்தீபன் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு வாகனக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார்.

விடியற்காலையில் அந்த ஓடைக்கரையில் அவள் இருபத்திரண்டு வீட்டுக்காரர்களைப் பார்த்தாள். பெயரோடு எழுதிக்கொண்டு வந்தாள். அறிக்கை ஒரு வாரம் பிந்தியது. தண்ணீரை மறிக்கும் இடத்தை, அந்த வீட்டுக்காரர்கள் அள்ளிக் குளிக்கும் துறைக்குக் கீழே மாற்றச் சொல்லி எழுதினார்கள். திட்டக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு மாற்றினார்கள். எல்லா அறிக்கைக்கும் இப்படி நடக்கவில்லை. சிலவற்றில் அவள் எழுதியது அப்படியே வெட்டப்பட்டது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அரச போட்டிப் பரீட்சை எழுதி, பதுளை மாவட்டத்திலேயே பிரதேச செயலகம் ஒன்றுக்குச் சுற்றாடல் உத்தியோகத்தராக வந்தாள்.

மேல் லயத்துப் பாறையில் இப்போது நாலு வலைகள் இருக்கின்றன. ஓர் அமைப்பு சீமெந்துத் தொட்டியும் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஒவ்வோர் ஆடியிலும் காற்று ஒரு வலையையாவது கிழித்துவிடும். கோகிலவாணியும் மற்றவர்களும் தைத்துக்கொள்கிறார்கள். பெரிய மழைக்காலத்தில் அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

துஷாந்தியின் வேலையில் பெரும்பகுதி கோப்பு. மரம் வெட்ட அனுமதி கேட்பவர்கள், கராஜ்காரர், மர ஆலைக்காரர், கல் உடைப்பவர்கள். எல்லோரும் அவசரக்காரர்கள். அவள் ஸ்கூட்டரில் போய், நின்று, பார்த்து, எழுதுகிறாள். சில இடங்களில் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நிற்கிறாள்.

போன மாதம் ஜெனீரா விடுமுறையில் வந்திருந்தாள். இருவரும் பெரகல சந்தியில் ஒரு கடையில் பிளேன்டீயும் ரோல்சுமாக உட்கார்ந்திருந்தபோது நிஸாம் காணொளி அழைப்பில் வந்தான். முகத்தில் மஞ்சள் தலைக்கவசம். பின்னால் வெள்ளை வெயில், வானமும் மண்ணும் ஒரே நிறம்.

"நாப்பத்தாறு டிகிரி" என்றான். "நீங்க எங்க ஈக்கிறீங்க?"

"பெரகலையில."

"மூட்டம் ஈக்கா?"

ஜெனீரா தொலைபேசியைத் தெற்குப் பக்கமாகத் திருப்பினாள். பள்ளத்திலிருந்து அது ஏறி வந்துகொண்டிருந்தது. முதலில் வளைவுப் பாதை போனது, பிறகு மின்கம்பங்கள், பிறகு எதிரே நிறுத்தியிருந்த லொறியின் முன்பாதி. கடைக்காரர் விளக்கைப் போட்டார். திரையில் நிஸாம் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.  ஒரு பஸ் மஞ்சள் விளக்கோடு மூட்டத்துக்குள்ளிருந்து வந்து, நின்று, ஆட்களை இறக்கிவிட்டு, மூட்டத்துக்குள் போனது.

"கொஞ்சம் அப்பிடியே வெச்சிருங்க" என்றான் நிஸாம் கடைசியில்.

ஜெனீரா கையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். சிக்னல் மெதுவாக நைந்து, படம் சதுரம் சதுரமாக உறைந்து, அழைப்பு அறுந்தது. துஷாந்திக்கு இரண்டு மணிக்கு ஒரு மர ஆலையில் பரிசோதனை இருந்தது. பிளேன்டீயைக் குடித்து முடித்து, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.